அல்மாமி சமோரியும் காலித் தோட்டாக்களும்

போர்களைப் பற்றிப் பேசும் வரலாற்று நூல்கள் மன்னர்களின் பெயரையும் களங்களின் பெயரையும் சொல்லும். வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்று சொல்லும். ஆனால் அக்களங்களில் வெடித்த தோட்டா எங்கிருந்து வந்தது, அதைச் செய்தவர் யார், அதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்னும் கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்க முஸ்லிம் அரசுகள் சிலவற்றின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்ததில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. வீரம் குறைந்ததால் மட்டும் அவை வீழ்ந்துவிடவில்லை. துப்பாக்கி இருந்தும் தோட்டா இல்லாத நிலை ஒன்று உண்டு. அந்த நிலையை எதிர்த்துக் கொல்லர் உலையின் துணையோடு போராடிய ஒரு பேரரசரின் வரலாற்றை இங்கே நாம் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் 1882 முதல் 1898 வரை, பதினாறு ஆண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்ட அல்மாமி சமோரி தூரே அவர்களே அந்தப் பேரரசர்.

வணிகர் குலத்து மைந்தர்

சமோரி சுமார் 1830-ஆம் ஆண்டளவில், இன்றைய கினி நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் பிறந்தார். தூரே குடும்பத்தினர் 'ஜுலா' எனப்படும் வணிகக் குலத்தைச் சேர்ந்தவர்கள். தெற்கே காடுகளில் விளையும் கோலாக் கொட்டையையும், பூரே நிலத்துத் தங்கத்தையும், வடக்கேயிருந்து வரும் உப்பையும் துணியையும் ஊருக்கு ஊர் கொண்டு சென்று விற்றவர்கள் ஜுலாக்கள். அவர்கள் சென்ற வழியெல்லாம் பள்ளிவாசலும் ஓதும் பள்ளியும் சென்றன. நம் கடற்கரை ஊர்களின் மரக்காயர் வரலாற்றை அறிந்த வாசகர்களுக்கு, வணிகமும் மார்க்கமும் ஒரே வழியில் கைகோத்துச் செல்லும் இக்காட்சி புதியதன்று.

இளமையில் சமோரியும் வணிகம் செய்தார். 1853-இல் சிஸ்ஸே குலத்தார் நடத்திய போர் ஒன்றில் அவருடைய தாயார் சிறைபிடிக்கப்பட்டார். தாயை மீட்பதற்காக மகன் அதே சிஸ்ஸே படையில் சேர்ந்து ஊழியம் செய்தார். ஏழு ஆண்டுகள், ஏழு திங்கள், ஏழு நாள்கள் அவர் ஊழியம் செய்ததாக அந்நாட்டு மரபுக் கதை கூறும். எண்ணிக்கை எவ்வாறாயினும், தாயை மீட்கப் போனவர் போர்க்கலையைக் கற்றுத் திரும்பினார் என்பது உறுதி. பின்னர்த் தமக்கென ஒரு படையைத் திரட்டிப் பிஸ்ஸாந்துகுவைத் தலைநகராக்கிக்கொண்டார். 1881-இல் கான்கான் நகரம் அவர் கைக்கு வந்தது. 1884-இல் 'அல்மாமி' என்னும் பட்டத்தை ஏற்றார். பள்ளிவாசலில் முன்னின்று தொழவைப்பவரை நாம் இமாம் என்கிறோமே, அந்த 'அல் இமாம்' என்னும் சொல்லே மேற்கு ஆப்பிரிக்க மக்களின் நாவில் 'அல்மாமி' ஆயிற்று.

சமோரியின் ஆட்சியில் வணிகரின் கணக்கறிவு என்றும் விழித்திருந்தது. எந்தச் சாலையில் எந்தப் பொருள் வரும், அதற்கு ஈடாக எதைக் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். ஆங்கிலேயர் ஆண்ட சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்திலிருந்து துப்பாக்கியும் மருந்தும் வந்தன. தங்கமும் தந்தமும் அங்கே சென்றன. குதிரைகள் வடக்கேயிருந்து வந்தன. அவற்றிற்கு ஈடாகச் சென்ற பொருள் எது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தோட்டா என்னும் தளை

பழைய துப்பாக்கிக்கும் புதிய துப்பாக்கிக்கும் இடையிலான வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பழைய துப்பாக்கியின் குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். சிக்கிமுக்கிக் கல்லின் பொறி பட்டதும் மருந்து பற்றும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கிடைத்தால் மருந்தை உள்ளூரிலேயே அரைத்துக்கொள்ளலாம். ஈயம் இல்லையென்றால் இரும்புத் துண்டும் குண்டாகும். உடைந்த பகுதியை ஊர்க் கொல்லரே சீர்செய்வார். அது மெதுவாகச் சுடும் கருவிதான், குறியும் தவறும். ஆயினும் அதை வைத்திருந்தவர் அன்றாடம் அயலாரை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பாவில் 1860-களுக்குப் பின் நிலைமை மாறிற்று. பிரான்ஸ் 1866-இல் ஷாஸ்ப்போ என்னும் துப்பாக்கியை ஏற்றது. அது பின்புறமாகத் தோட்டா இடும் வகை. தோட்டா காகிதத்தால் ஆனது. 1874-இல் வந்த கிராஸ் துப்பாக்கிக்கோ பித்தளைக் கூடுடைய தோட்டா. அதே தோட்டாவைப் பலவாக அடக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் குரோபாட்செக் துப்பாக்கியைப் பிரெஞ்சுக் கடற்படை 1878-இல் ஏற்றுக்கொண்டது. சமோரியை எதிர்த்து வந்தவர்கள் இத்தகைய கருவிகளைத் தாங்கியவர்களே.

கிராஸ் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் பொருத்திய கேப்பு மற்றொன்று. கூட்டினுள் ஐந்தேகால் கிராம் கருமருந்து. வாயில் 25 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. ஊசி கேப்பைத் தட்ட, கேப்பின் பொறியில் மருந்து வெடித்துக் குண்டு பறக்கும். அந்த நொடியில் பித்தளைக் கூடு விரிந்து குழலின் பின்புறத்தை அடைத்துக்கொள்ளும். புகையும் நெருப்பும் சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பா. பிறகு கூடு வெளியே விழும்.

இந்தச் சிறு பித்தளைக் கூட்டினால் போர்முறையே மாறிற்று. வீரன் நின்றுகொண்டு மருந்து இடிக்க வேண்டியதில்லை. படுத்தபடியே தோட்டா இடலாம், மறைந்திருந்து சுடலாம். ஆனால் இதே கூடு அவனைத் தொலைதூரத் தொழிற்சாலை ஒன்றோடு பிணைத்தும் விட்டது. துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் போதும். தோட்டாவையோ ஒவ்வொரு போருக்கும் வாங்க வேண்டும். விற்பவன் கதவை அடைத்தால், விலையுயர்ந்த துப்பாக்கியும் வெறும் இரும்புத் தடியாகிவிடும்.

பாதை அடைபட்ட வரலாறு

1882-இல் கெனியேரா என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படையோடு முதல் மோதல் நிகழ்ந்தது. புதிய துப்பாக்கியின் வலிமையைச் சமோரி அன்றே கண்டுகொண்டார். பேசியும் பார்த்தார். 1886-இலும் 1887-இலும் பிரான்சோடு உடன்படிக்கைகள் ஏற்பட்டன. அவருடைய மகன் ஒருவர் 1886-இல் பிரான்சுக்கே விருந்தினராகச் சென்று வந்தார். உடன்படிக்கை இருந்த காலத்திலும் துப்பாக்கி வாங்குவதை அல்மாமி நிறுத்தவில்லை. 1893 அளவில் அவரிடம் சுமார் 6,000 புதுவகைத் துப்பாக்கிகள் சேர்ந்திருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுவர்.

இதற்கிடையே சமோரி ஒரு பெருந்தவறு செய்தார். 1887-இல் சிக்காஸோ நகரத்தின் மீது படையெடுத்தார். அந்நகரின் கனத்த மண்மதிலை அவரால் உடைக்க முடியவில்லை. ஓராண்டுக்கும் மேலாக முற்றுகை நீண்டது. உணவும் மருந்தும் நெடுந்தொலைவிலிருந்து தலைச்சுமையாகவே வர வேண்டியிருந்தது. அக்காலத்தில் அங்கு வந்த பிரெஞ்சு அதிகாரி பிஞ்ஜே, அவ்வழியிலே பசியால் வாடி வீழ்ந்த சுமைதூக்கிகளைப் பற்றி எழுதியுள்ளார். 1888-இல் பொறுமை இழந்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர். முற்றுகையைக் கைவிட்டு, தம் சொந்தக் குடிமக்களோடு போரிடவே சமோரி திரும்ப வேண்டியதாயிற்று.

1889 ஆகஸ்டில் பிரிட்டனும் பிரான்சும் மேற்கு ஆப்பிரிக்காவில் தத்தம் எல்லைகளை வகுத்துக்கொண்டன. சமோரியின் நாடு பிரான்சின் பங்கு என்று ஆயிற்று. ஆங்கிலேயரின் நட்பை நாடிய அவருக்கு அந்தக் கதவு மெல்ல மூடிற்று. 1890 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அடிமை வணிகத்தை ஒழிப்பதே அதன் நோக்கம் என்றார்கள். வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 22 பாகைக்கும் இடைப்பட்ட ஆப்பிரிக்காவில் நவீனத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இறக்குமதியாவதை அது தடுத்தது. ஆனால் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கும் சாதாரண மருந்துக்கும் கட்டுப்பாட்டோடு வழிவிட்டது! பழைய கருவி ஆப்பிரிக்கருக்கு. புதிய கருவி அவர்களை ஆள வந்தவர்களுக்கு. அடிமை வணிகம் உண்மையில் ஒழிக்கப்பட வேண்டிய கொடுமையே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நல்ல நோக்கத்தின் நிழலில் ஒரு கண்டம் நிராயுதபாணியாக்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது.

1891-இல் ஆர்ச்சினார் கான்கானைப் பிடித்தார். 1892 தொடக்கத்தில் ஹம்பெர் தலைமையில் வந்த படை பிஸ்ஸாந்துகுவைக் கைப்பற்றியது. 1893-இல் கோம்பின் படை பிரீடவுன் சாலையை அறுத்தது. அதன்பின் அல்மாமிக்குக் கடலிலிருந்து வரும் வாயில் இல்லை.

கொல்லர் உலை

இந்த இடத்தில்தான் இவ்வரலாற்றின் அரிய பகுதி தொடங்குகிறது.

மண்டே மக்களிடையே 'நூமு' எனப்படும் கொல்லர் குலம் ஒன்று உண்டு. மண் உலையில் இரும்புக் கல்லை உருக்கி, துருத்தி ஊதி, மண்வெட்டியும் கத்தியும் ஈட்டியும் செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மனைவியர் மட்பாண்டம் வனைந்தனர். பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவர்களுக்குக் கைவந்த தொழில். சமோரி இவர்களை நூற்றுக்கணக்கில் ஒன்றுதிரட்டிப் பட்டறைகள் அமைத்தார். பிரெஞ்சுக்காரரின் ஆயுதப் பட்டறையிலே வேலை செய்து நுட்பம் கற்றுவந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

முதலில் பழுது பார்ப்பதோடு நின்ற கைகள், பிறகு படியெடுக்கவும் துணிந்தன. பிடிபட்ட கிராஸ், குரோபாட்செக் துப்பாக்கிகளை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் உற்றுப்பார்த்து, அதேபோல் அடித்து, அரத்தால் அராவிப் புதியவற்றை உண்டாக்கினர். கடைசல் இயந்திரங்களால் செய்யப்பட்ட பொருளைச் சுத்தியலாலும் கண்ணளவாலும் மீண்டும் செய்த திறம் அது. கைப்பற்றிய அத்துப்பாக்கிகளைக் கண்டு பிரெஞ்சு அதிகாரிகளே வியந்தனர்.

துப்பாக்கியினும் கடினமானது தோட்டா. களத்தில் பிரெஞ்சுப் படையினர் விட்டுச்சென்ற காலிக் கூடுகளும், தம் வீரர் சுட்ட கூடுகளும் பட்டறைக்கு வந்தன. ஐரோப்பியச் சிப்பாய்க்கு அவை குப்பை; சமோரியின் கொல்லர்க்கு அவை செல்வம். வெடித்து விரிந்த கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியிலுள்ள செத்த கேப்பை நீக்கி உயிருள்ளதை வைக்க வேண்டும். மருந்தை நிரப்பி, ஈயத்தை உருக்கி வார்த்த குண்டை வாயில் பொருத்த வேண்டும். பித்தளைத் தகட்டிலிருந்து புதிய கூடுகளும் செய்யப்பட்டன.

இம்முயற்சியின் எல்லையையும் சொல்லவே வேண்டும். மருந்து உள்ளூரில் அரைத்தது. அதன் வலு தொழிற்சாலை மருந்தின் வலுவுக்கு ஈடாகாது. குண்டு குறைந்த தொலைவே சென்றது. பித்தளைக் கூடும் எத்தனை முறையும் தாங்காது. வெடித்து வெடித்து ஒருநாள் கீறல் விடும். எல்லாவற்றினும் பெருந்தடை அந்தச் சிறு கேப்பு. பாதரசத்திலிருந்து இரசாயன முறையில் செய்யப்படும் நுண்கலவை அதனுள் இருந்தது. கொல்லர் உலையில் பிறக்கக்கூடிய பொருள் அன்று அது. மேலும், 1886-இல் பிரான்ஸ் புகையற்ற மருந்துடைய லெபல் துப்பாக்கியை ஏற்றபோது, இலக்கே இன்னொரு படி மேலே போய்விட்டது. கருமருந்தின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏணியே மாற்றப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இத்துயரம் இன்னும் தெளிவாகும். 6,000 துப்பாக்கிகளுக்கு, ஒரு போருக்கு இருபது தோட்டா என்று வைத்துக்கொண்டாலும் 1,20,000 தோட்டாக்கள் வேண்டும். கைத்தொழிலாளர் பட்டறைகளில் நாளொன்றுக்குச் சில நூறு தோட்டாக்களே உருவாயின. ஆண்டு முழுதும் உலையை அணையாது ஊதினாலும் ஒருநாள் போருக்கு ஈடு செய்வது அரிது. ஆகவே சமோரி போர்முறையையே மாற்றினார். நேருக்கு நேர் நின்று பொருதுவதைக் குறைத்தார். எதிரியைத் தாமதப்படுத்துவது, தம் மக்களைப் பின்னோக்கி நகர்த்துவது, விட்டுச்செல்லும் நிலத்தில் எதிரிக்கு ஒரு தானியமும் கிடைக்காதவாறு எரித்துவிடுவது என்பனவே புதிய முறை. மேற்கே இழந்த நாட்டிற்கு ஈடாகக் கிழக்கே, இன்றைய ஐவரி கோஸ்டின் வடபகுதியில், ஒரு புதிய நாட்டை வென்றார். தபகலாவில் தலைநகரும் அமைந்தது, பட்டறையும் அமைந்தது. ஒரு பேரரசு தன் உலைகளோடும் துருத்திகளோடும் இடம்பெயர்ந்தது என்பது உலக வரலாற்றிலேயே அரிதான நிகழ்ச்சி.

விலை கொடுத்தவர்கள்

இதுவரை கூறியதைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளும் வாசகர்கள், இனி வருவதையும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். வரலாறு நம்மவரின் வெற்றிகளை மட்டும் எழுதும் ஏடு அன்று.

குதிரைக்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வேண்டிய செல்வம் எங்கிருந்து வந்தது? தங்கம் விளைந்த பூரே நிலம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. தந்தம் குறைந்தது. பாதை அடைபடும்தோறும் கடத்தி வரும் பொருளின் விலை ஏறியது. இறுதியில் பெரிதும் மிஞ்சிய செலாவணி மனிதர்களே. போரில் பிடிபட்டோரும், கிளர்ச்சி செய்த ஊராரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்த விலையில் குதிரையும் ஆயுதமும் வந்தன. தாயின் சிறையை உடைப்பதற்காக வாளேந்திய ஒரு மகனின் படை, எத்தனையோ தாய்மாரைச் சிறையாக்கியது. இதனினும் வருந்தத்தக்க முரண்பாடு அவர் வாழ்வில் இல்லை.

காங் நகரத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. வடக்கு ஐவரி கோஸ்டில், ஜுலா வணிகரும் ஆலிம்களும் நிறைந்த நகரம் அது. பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் கொண்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் இஸ்லாமியக் கல்விக்குப் பெயர்பெற்று விளங்கியது. 1888-இல் அங்கே சென்ற பிஞ்ஜே, எழுதப் படிக்கத் தெரிந்தோர் அந்நகரில் மிகுதி என்று கண்டு எழுதினார். 1895-இல் சமோரி அந்நகரைத் தம் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்தார். அந்நகர மக்கள் பிரெஞ்சுக்காரரோடு தொடர்பு கொள்கிறார்கள் என்ற சினத்தால் 1897-இல் அதை அழித்தார். மார்க்கத்தின் பெயரால் பட்டம் சூடியவரின் படை, மார்க்கக் கல்வியின் ஒரு கோட்டையைத் தரைமட்டமாக்கியது.

ஷாம் நோக்கிச் சென்ற படைக்குக் கலீபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் வழங்கிய அறிவுரைகளை நாமெல்லாம் அறிவோம். கனி தரும் மரத்தை வெட்டலாகாது, குழந்தையையும் முதியவரையும் பெண்களையும் கொல்லலாகாது, குடியிருப்பைப் பாழாக்கலாகாது என்பன அவை. அந்த அளவுகோலை எதிரிகளுக்கு மட்டும் பிடித்துவிட்டு, நம்மவர் முன் மறைத்து வைத்தல் நேர்மையாகாது. மறுபக்கம், சமோரியைக் குருதி வெறியர் என்று மட்டும் வரைந்த அக்காலப் பிரெஞ்சு எழுத்தாளர்கள், தம் படையினர் எரித்த ஊர்களையும், அவர்கள் தம் துணைப்படையினருக்குப் பங்கிட்டுக் கொடுத்த கைதிகளையும் பேச மறந்தனர் என்பதும் உண்மை.

களஞ்சியம் காலியானபோது

1898 மே மாதத்தில், பத்தாண்டுகளுக்கு முன் சமோரியால் வெல்ல முடியாத சிக்காஸோ, பிரெஞ்சுப் பீரங்கிகளின் முன் வீழ்ந்தது. சமோரி தம் படையோடும் பெருந்திரளான மக்களோடும் தென்மேற்கே, லைபீரிய எல்லையிலுள்ள மலைக்காடுகளை நோக்கிப் புறப்பட்டார். அது மழைக்காலம். பாதைகள் சேறாயின. அவ்வளவு பெரிய கூட்டத்திற்கு அக்காட்டில் உணவு இல்லை. பசியால் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். வீரர்கள் கூட்டம் கூட்டமாக விலகினர். 1898 செப்டம்பர் 29-ஆம் நாள் காலையில், குலேமு என்னும் இடத்திலிருந்த பாசறையில் கேப்டன் கூரோவின் சிறுபடை அல்மாமியைப் பிடித்தது. பெரும்போர் எதுவும் நிகழவில்லை.

இதை ஆழ்ந்து நோக்க வேண்டும். தோட்டா தீர்ந்ததால் சமோரி வீழ்ந்தார் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அவரை வீழ்த்தியது பசி. பதினாறு ஆண்டுகள் காலிக் கூடுகளை நிரப்பிக்கொண்டிருந்த பேரரசு, காலியான களஞ்சியத்தை நிரப்ப வழியறியாது முடிந்தது. உழுதவர்கள் விற்கப்பட்டார்கள், அல்லது ஊர்விட்டு ஊர் நகர்த்தப்பட்டார்கள்; விளைந்தவை எரிக்கப்பட்டன. கொல்லரின் திறமையால் துப்பாக்கியைப் படியெடுக்க முடிந்தது. உழவரின் நம்பிக்கையைப் படியெடுக்க எந்தப் பட்டறையாலும் முடியவில்லை.

அவரை நெடுந்தொலைவில், கபோன் நாட்டிற்கு நாடுகடத்தினர். அங்கேயே 1900 ஜூன் 2-ஆம் நாள் அவர் காலமானார். அவரைப் பிடித்த கூரோவின் பெயரை அரபு நாடுகளின் வரலாற்றில் நாம் மறுபடி சந்திக்கிறோம். 1920-இல் பெய்ரூத்திலிருந்து தமாஸ்கஸுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்த பிரெஞ்சு உயர் ஆணையர் ஜெனரல் கூரோ அவரே. அவ்வாண்டு ஜூலை 24-இல் மைசலூன் கணவாயில் சிரிய அமைச்சர் யூசுப் அல் அஸ்மா சிறுபடையோடு நின்று உயிர்நீத்தார். அங்கும் சிரியரின் குறைகளுள் முன்நின்றது வெடிமருந்துப் பற்றாக்குறையே.

கினி நாடு 1958-இல் விடுதலை பெற்றது. அதன் முதல் அதிபர் சேக்கூ தூரே, தாம் சமோரியின் வழித்தோன்றல் என்று கூறிக்கொண்டார். 1968-இல் அல்மாமியின் எச்சங்கள் கபோனிலிருந்து கோனாக்ரிக்குக் கொண்டுவரப்பட்டு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அதே 1968-இல்தான் இவ் பேரரசை ஆராய்ந்த இவ் பேர்சோன் என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியரின் பெருநூலும் வெளிவரத் தொடங்கியது. சமோரியின் பெயர் இவ்வாறு நிலைபெற்றுவிட்டது.

ஆனால் உலைமுன் அமர்ந்து விரிந்த பித்தளையை நிமிர்த்திய நூமுக் கொல்லருள் பெரும்பாலோரின் பெயர் ஏடுகளில் இல்லை. ஒரு குதிரைக்காகச் சந்தையில் நிறுத்தப்பட்ட ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் இல்லை. அடிமைப்பட்ட ஒரு நாடு தன் கருவியைத் தானே செய்துகொள்ள முனைவது மானமுள்ள செயல். அம்முயற்சியை நாம் போற்றுகிறோம். அதன் செலவை யார் தலையில் ஏற்றினார்கள் என்று கேட்பதும் நம் கடமையே. அல்லாஹ்வின் நீதிமன்றத்தில் இருசாராரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும் என்பது நம் நம்பிக்கை. நம் வரலாற்று ஏட்டிலும் அவர்களுக்கென்று ஒரு வரி இருக்கட்டும்.